எடுத்து எங்கே வைக்கும்?

தம்பி,

உன் அப்பா காலையில் பெரம்பலூர் போய் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இளைக்கவில்லை, தாடி மட்டும் வளர்ந்திருக்கிறது, சிநேகிதன் அறையில் ஃபேனுக்கு நேர் கீழே தரையில் படுத்துக்கொள்கிறான், தனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வரிசையாக ஒப்பித்தார். கடைசியில் சொன்னதை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆக, நீ நலம் என்பது தெரிந்துவிட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆலத்தியூர் பக்கம் ரஃபீக் பாயின் புது பொக்லைன் வேலைக்குப் போகாமல் நிற்கிறது. நிறுத்தி வைத்தவள் நான். எதற்காக நிறுத்தச் சொன்னேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. நாளை மறுநாள், சனிக்கிழமை காலையில், நீ போய் அவரிடம் சொல்ல வேண்டும். நீ போவாயா மாட்டாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீயும் நானும் போனை எடுத்தால் "சாப்ட்டியா" என்பதில் தொடங்கி "வைம்மா போன" என்பதில் முடிந்துவிடுகிறது. நடுவில் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்றுவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நீ பையைத் தூக்கிக்கொண்டு போன அன்றே எழுதியிருக்க வேண்டும். தாமதமாகத்தான் எழுதுகிறேன். சாப்பாட்டு நேரம், ரோட்டில் சிமெண்ட் லாரிகள் கொஞ்சம் ஓய்ந்திருக்கின்றன. கடையில் யாரும் இல்லை. யாராவது வந்தால் எழுந்து போய்விட்டு வந்து தொடர்வேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், அழுததால் இல்லை.

உன்னைப் பெற்றபோது நான் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். லேபில் கண்ணாடிப் புனலில் எண்ணெயும் தண்ணீரும் பிரிவதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன். வெளியே வராந்தாவில் உன் சித்தி உன்னை மடியில் வைத்துக்கொண்டு என் வகுப்பு முடிவதற்காகக் காத்திருப்பாள். நீ அழும் சத்தம் கேட்டால் எனக்குக் கை நிற்காது. தண்ணீர் முழுதாக இறங்குவதற்குள் திருகைத் திறந்துவிடுவேன், எண்ணெயும் சேர்ந்து கொட்டிவிடும். அப்படித்தான் பாஸ் செய்தேன். உன்னோடுதான் நானும் வளர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். நீ பாலிடெக்னிக் சேர்ந்த அன்று பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா "அக்காளும் தம்பியும் எங்க போறீங்க?" என்று கேட்க, நீ பெருமையாக "காலேஜிக்கு" என்றாய், நான் முறைத்தேன். இன்னும் நாற்பதைத் தொடவில்லை நான். பயம் மட்டும் வயதுக்கு மிஞ்சி வந்து உட்கார்ந்துகொண்டது. உன் காய்ச்சலுக்கு, உன் பைக்குக்கு, உன் பரீட்சைக்கு என்று பயந்து பயந்து, இப்போது உன் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பயப்படுகிறேன்.

என் அப்பா வீட்டிலும் உன் அப்பா வீட்டிலும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள்தான். விக்கிரமங்கலத்தில் என் அப்பா நடவு செய்யாத வயல் கிடையாது, அதில் ஒன்றுகூட அவருடையது கிடையாது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருடைய பெயரும் ஒரு பலகையில் ஏறியதில்லை. அரியலூர் ரோட்டில் இந்த ஷட்டரை வாடகைக்கு எடுத்தபோது உன் அப்பா உன் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'ஆயில் ஸ்டோர்' என்று எழுதச் சொன்னார். பலகை எழுத வந்தவர், "ஓனரு யாருங்க?" என்று கேட்டார். உன் அப்பா என் தோளில் கிடந்த உன்னைக் காட்டி, "மொதலாளி தூங்குறாரு, எழுப்பாம எழுதுங்க" என்றார். அன்று முதல் இந்த ரோட்டில் போகிற டிப்பர்காரர்களுக்கும் பொக்லைன்காரர்களுக்கும் நான் உன் பெயரைச் சொல்லித்தான் ஆயில் விற்றுவருகிறேன்.

அந்த நாளில் உன் அப்பா சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்ஜினுக்கு ஆயில் ஊற்றுவதும் இலையில் சோறு வைப்பதும் ஒன்றுதான். அளவுகோலில் மேல்கோடு வரை ஆயில் வந்த பிறகும், "கெடக்கட்டும், இன்னுங் கொஞ்சம் சாப்புடட்டும்" என்று கேனைச் சாய்ப்பார். அளவுக்கு மேலே போன ஆயிலை உள்ளே சுழலுகிற தண்டு அடித்து நுரையாக்கிவிடும். நுரை எந்த உலோகத்தையும் காப்பாற்றாது. அழுத்தம் கூடி சீல் வழியாகக் கசியும். கசிவதைப் பார்த்துவிட்டு, "பாவம், கொறையுது பாரு" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். நான் கோட்டைக் காட்டிச் சண்டை போட்டால், "நீ புள்ளைக்கு மட்டும் கோடு பாத்தா ஊட்டுற?" என்பார். உனக்கு நான் கோடு பார்த்து ஊட்டியதே இல்லை.

அந்தக் கதம்ப கிரீஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வாளிகளின் அடியில் ஒட்டிக்கிடந்த மிச்சத்தையெல்லாம் உன் அப்பா ஒரே வாளியில் வழித்துப் போட்டார். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு. "எல்லாம் கிரீசுதானே. சாமிக்குக் கதம்பம் கட்டுறதில்லியா?" என்றார். கூட்டாளியின் பொக்லைனில், மேல்பாகம் சுற்றுகிற பல்சக்கரத்துக்கு அதைப் பூசி, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறையாகச் செய்தார்கள். வெயில் ஏறியதும் அது பாயசமாக இளகி, பொட்டின் மேலேயே ஒழுக ஆரம்பித்தது. ஊர் பார்க்க நீ, "அப்பா, மெஷினுக்கு வயித்தால போவுது!" என்று கத்தினாய். நிறம் கம்பெனிக்காரர் போடுகிற சாயம்தான். உள்ளே எண்ணெயைக் கட்டி நிறுத்துகிற சோப்பு ஒவ்வொன்றிலும் வேறு. ஒத்துவராத இரண்டைச் சேர்த்தால் கட்டு விட்டுப்போய் எண்ணெய் தனியாக ஓடிவிடும். அன்று அந்தக் கூட்டாளி சக்கரம் முழுக்கத் துடைத்துக் கழுவிப் புதிதாகக் கிரீஸ் வைக்கிற வரை உன் அப்பா பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணி பிழிந்து கொடுத்தார். இன்றைக்கும் அந்த ஆள் நம் கடையில்தான் வாங்குகிறார். வரும்போதெல்லாம் "கதம்பம் இருக்கா மாமா?" என்று கேட்டு உன் அப்பாவைச் சீண்டுவார்.

கடைக்கு வருகிறவர்கள் எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். "அக்கா, பதினஞ்சு நாப்பது ஒரு கேனு." "அறுபத்தெட்டு ஒரு வாளி." எண் சொல்வது ஆயிலின் தடிப்பை மட்டும்தான். அது எந்த மெஷினைத் தாங்கும் என்பது அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும், அதை யாரும் கேட்பதில்லை. பழைய லாரிக்கு ஏற்ற அதே பதினைந்து நாற்பது, புகைக்கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி உள்ள புது வண்டிக்குப் போனால் சாம்பலைப் படியவிட்டு அந்த வடிகட்டியை அடைத்துவிடும். பொக்லைன் கையைத் தூக்குகிற ஹைட்ராலிக்குக்கு நாற்பத்தாறா அறுபத்தெட்டா என்றால், நம் வெயிலை மட்டும் பார்த்துத் தடிப்பாகக் கொடுத்துவிட முடியாது. மெஷினோடு வந்த புத்தகத்தைத் திறக்க வேண்டும். இதை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமைப்பட வழியில்லை. டிப்ளமோ முடித்து வந்த நீதான் ஒவ்வொரு மெஷினின் புத்தகத்தையும் போனில் தேடி எடுத்துவைத்து, கேட்டு வருகிறவர்களிடம், "என்னா மாடல், எத்தன மணி ஓடிருக்கு, எங்க ஓடுது?" என்று கேட்கப் பழக்கினாய். சலிக்காமல் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். நீ கேட்டால் சொல்வார்கள். உன் முகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. "இவன் கொள்ளிடத்துக்கே மணல் வித்துட்டு வந்துடுவான்" என்று உன் அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கமாக.

அப்புறம்தான் நீ அந்தக் கம்பெனிக்காரரைக் கூட்டிவந்தாய். இந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்த அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. ஓடிப்போய் மோர் கொடுத்தேன். டீசலில் கலக்கிற மருந்து பாட்டிலை மேசையில் வைத்தார். ரஃபீக் பாய் அப்போது கிரீஸ் வாங்க வந்து, மின்விசிறியின் முன்னால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு நின்றிருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவூதியில் பல வருஷம் மெஷின் ஓட்டிச் சம்பாதித்துச் சொந்த வண்டி வாங்கியவர், நம் கடையின் முதல் வாடிக்கைக்காரர்களில் ஒருவர்.

"ஒரு டேங்குக்கு ஒரு மூடி போதும் மேடம். மைலேஜ் கூடும், புகை கொறையும், கடுங்குளிர்லயும் டீசல் ஒறையாது" என்றார் கம்பெனிக்காரர்.

பாய் திரும்பிப் பார்த்தார். "சார், இங்க ஒறையிறதுக்கு என்னா இருக்கு? நாங்களே உருகிக்கிட்டு இருக்கோம்."

அந்த ஆள் தடுமாறினார். நீ தடுமாறவில்லை. "பாய், அத விடுங்க. ஒங்க புது வண்டில தண்ணி லைட்டு அடிக்கடி எரியுதுன்னீங்கள்ல? இது டீசல்ல உள்ள தண்ணிய எடுத்துடும்."

"எடுத்துடுமாப்பா?"

"எடுத்துடும் பாய்."

நான் கல்லாவில் இருந்தபடி கேட்டேன்: "எடுத்து எங்கடா வைக்கும்?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். கம்பெனிக்காரரும், "மேடம் நல்லா ஜோக் அடிக்கிறாங்க" என்று சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை, தம்பி. எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. தண்ணீர் மாயமாகப் போகாது. ஒன்று, டீசலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்க வேண்டும். இல்லை, டீசலுக்குள் கரைந்ததுபோல் கலந்து, டீசல் போகிற இடமெல்லாம் போக வேண்டும். முதலாவது நல்லது. இரண்டாவது அந்தப் புது மெஷினுக்கு விஷம். இரண்டையும் நாம் ஒரே வார்த்தையில் "எடுத்துடும்" என்று சொல்லிவிடுகிறோம். பாட்டிலின் மேலும் அந்த வார்த்தைதான் இருந்தது. அது எந்த வகை என்று அந்த ஆளிடம் கேட்டேன். "ரிசல்ட்ட பாருங்க மேடம்" என்றார்.

நீ ரிசல்ட்டைப் பார்த்தாய். நேராகப் பாயின் சைட்டுக்குப் போய், உன் கையாலேயே டேங்கில் ஊற்றினாய். மறுநாள் சாயங்காலம் பாய் எனக்கே போன் போட்டார். "மாஷா அல்லாஹ்! தங்கச்சி, ஒம் மவன் கை பட்டதும் லைட்டு அணைஞ்சிடுச்சி. எம் மச்சான் வண்டிக்கும் ரெண்டு பாட்டில் எடுத்து வையி" என்றார். அன்றோடு அவர் வீட்டு நிக்காஹ் வேலை வந்து வண்டியை நிறுத்தினார். அதற்கு அல்லாஹ்வுக்கும் நம் மாரியம்மனுக்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொள்கிறேன். அன்று ராத்திரி நீ வீட்டுக்கு வந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டு மாவட்டத்துக்கும் ஏஜென்சி உனக்கே, கையெழுத்துப் போட்டால் போதும், பாட்டிலை நம் கடை முகப்பில் அடுக்கலாம் என்றாய். கண் பளபளவென்று இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் வேண்டாம் என்று சொன்னேன்.

"லைட்டே அணைஞ்சிடுச்சிம்மா. இதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு?"

"வடிகட்டிக்குக் கீழ கிண்ணத்துல தண்ணி எறங்குச்சான்னு பாத்தியா?"

"தண்ணியே இல்லங்கிறேன், எங்கேர்ந்து எறங்கும்?"

"இருந்த தண்ணி எங்கடா போச்சு?"

"நான் ஒண்ண செஞ்சி ஜெயிச்சிடக் கூடாது ஒனக்கு. படிச்ச கெமிஸ்ட்ரியெல்லாம் கல்லாவுல பூட்டி வச்சிக்கிட்டு, எங்கிட்ட மட்டும் எடுத்து விடு."

"நீ பேசுனா மனுசன் கேப்பான், மெஷினு கேக்காதுடா!"

நடுவில் உன் அப்பா தோசைக் கரண்டியோடு வந்து, "ரெண்டு பேரும் நிறுத்துங்க, தோச ஆறுது" என்றார். நீ நிறுத்தவில்லை; பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். தோசையை அவரே சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் ஊறுகாய் பாட்டில் இரண்டைக் கழுவிக் காயவைத்தேன். இரண்டிலும் ஒரே டீசல், இரண்டிலும் ஒரு கரண்டி தண்ணீர். ஒன்றில் மட்டும் உன் மருந்து. இரண்டையும் மூடி, கை வலிக்கக் குலுக்கி, மேசையில் வைத்தேன். மருந்து போடாத பாட்டிலில் மத்தியானத்துக்குள் டீசல் மேலே தெளிந்து, அடியில் தண்ணீர் முத்துமுத்தாகச் சேர்ந்துவிட்டது. மருந்து போட்டது நீர்மோர்போல வெளுத்து அப்படியே நின்றது. சாயங்காலமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. நான் தவறாகச் செய்திருப்பேன் என்று மறுபடி செய்தேன். அளவு கூடியிருக்கும் என்று, மூடியில் எழுதியிருந்த அளவுக்கே குறைத்து இன்னொரு தடவை செய்தேன். என் வாழ்க்கையில் ஒரு சோதனை தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. உனக்கு எழுதத் தாமதமானதும் அதனால்தான். வெளுத்த பாட்டிலைத் தினமும் காலையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன், இன்றைக்காவது பிரிந்திருக்காதா என்று.

லைட் ஏன் அணைந்தது என்று நீயே இப்போது கண்டுபிடித்திருப்பாய். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் பிரிந்து தங்கினால்தான் லைட் எரியும். எரிந்தால் ஆப்ரேட்டர் அடித்திருகைத் திறந்து அதை வெளியே விடுவார். இப்போது தண்ணீர் அங்கே தங்காமல், டீசலோடு கைகோத்துக்கொண்டு வடிகட்டியைத் தாண்டிப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகிறது. முடியளவு இடைவெளியில் வேலை செய்கிற பாகங்கள் அவை. டீசலின் வழவழப்பு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் தேயும், துருப்பிடிக்கும். நாம் நோயைத் தீர்க்கவில்லை, தம்பி. நோய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயை அடைத்துவிட்டோம். ஒரு நாள் ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்புகிறேன். ஆகியிருந்தால் அதையும் நீதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்தே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்குகிற மருந்து இருக்கிறது. இன்ஜெக்டர் வாயில் படிகிற கரியைக் கழுவுகிற மருந்து இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற ஜெனரேட்டர் டீசலில் பாசிபோல் படர்வதைக் கொல்லுகிற மருந்தும் இருக்கிறது. இன்ன வியாதி என்று தெரிந்து, மெஷின் கம்பெனி சம்மதிக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால் நம் கடையிலும் கொடுக்கலாம். பாயின் வண்டிக்கு வியாதி அவருடைய டீசல் பேரல்களில் இருக்கிறது. கைப்பம்பு மாட்ட வசதி என்று வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருக்கிறார். மழை பெய்தால் பேரலின் தலையில் தண்ணீர் தேங்குகிறது. பகல் சூட்டில் உள்ளே விரிந்த காற்று பொழுது சாய்ந்து சுருங்கும்போது, மூடியின் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு கூரை, இல்லாவிட்டால் ஒரு தார்ப்பாய் போதும். அதையும் இழுத்துக் கட்ட முடியாவிட்டால் பேரலைப் படுக்கவைத்தாலே பாதி தீரும். இதற்கு ஏஜென்சி யாரும் கொடுக்க மாட்டார்கள்தான்.

இன்று காலை பாய் ஆப்ரேட்டரை அனுப்ப இருந்தார். நான் முந்திக்கொண்டு கூப்பிட்டேன். பின்னால் பிரியாணி அண்டாவை இழுக்கிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

"பாய், வண்டிய இன்னக்கி எடுக்காதீங்க."

"ஏம்மா, என்னா சேதி? சைட்டுக்காரன் காலையிலேர்ந்து உசுர வாங்குறான்."

"தம்பி வந்து சொல்லுவான் பாய். அவன் வர்ற வரைக்கும் ஸ்டார்ட்டே பண்ண வேணாம்."

"எப்ப வருவான்?"

அவரே நாள் குறித்தார். "நாளைக்கி ஜும்ஆ தொழுகை, விருந்து வேற. சனிக்கெழம காலையில நானே சைட்டுக்கு வந்துடுறேன், இன்ஷா அல்லாஹ். அதுக்கு மேல தாங்காதும்மா" என்றார். பிறகு குரலை இறக்கி, "தங்கச்சி, பயப்புடுற மாரி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். "வந்துடுவான் பாய்" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

நானே சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. "போவட்டும் தங்கச்சி, சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டான்" என்று அவரும் அதோடு விட்டிருப்பார். அதற்கு அப்புறம் நீ எத்தனை மெஷின் பார்த்தாலும், எத்தனை புத்தகம் புரட்டினாலும், இந்த ரோட்டில் ஆயில்கடை அக்காவின் சின்னப் பிள்ளையாகவே இருந்துவிடுவாய். உன் காய்ச்சலை நான் வாங்கிக்கொள்ள முடியுமென்றால் வாங்கிக்கொண்டிருப்பேன், அது உனக்குத் தெரியும். இதை மட்டும் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீ வராவிட்டால் அந்த வண்டியை ஓடவும் விட மாட்டேன். சனிக்கிழமை நானே போய்ச் சொல்லிவிடுவேன். ஏஜென்சியில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், உனக்கு வயது வந்துவிட்டது. அந்தப் பாட்டில் நம் கடையில் மட்டும் ஏறாது.

ஆப்ரேட்டர் சற்று முன் வந்து பொக்லைன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "யாராச்சும் தெரியாம முறுக்கிடப் போறாங்களாம், ஒங்கக்கிட்ட குடுத்து வைக்கச் சொன்னாரு பாய்" என்றார். காரணம் தெரியாமலே சாவியை அனுப்பியிருக்கிறார் மனிதர். அதை இந்தக் கடிதத்தோடு உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வடிகட்டிகளும் புதிதாக எடுத்துக் கட்டித் தந்திருக்கிறேன். வண்டியைக் கிளப்பாமல் முதலில் டேங்கின் அடித்திருகைத் திறந்து முழுதாக வடித்துவிடு. வடித்ததை மண்ணில் ஊற்றாதே, டிராக்டர்காரர் யாராவது கேட்டாலும் கொடுத்துவிடாதே. காலி பேரலில் பிடித்து மூடி, மேலே 'மருந்து கலந்த டீசல்' என்று பெயின்டில் எழுதிக் கடைக்கு ஏற்றி அனுப்பு. கிண்ணத்தைக் கழற்றித் துடை. வடிகட்டிகளை மாற்று. நல்ல டீசல் ஊற்றி, வண்டியின் கைப்பம்பை அடித்துக் காற்றுக் குமிழி நிற்கிற வரை பொறுமையாக வெளியேற்று. எனக்குத் திருகு விஷயத்தில் இருந்த அவசரம் உனக்கும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். தலையில் ஹெல்மெட் போட்டுக்கொள். செருப்போடு போகாதே, ஷூ உன் அப்பா கொண்டுவருவார்.

ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பாயிடம் சொல்லிவிடு. அழகாகச் சொல்ல முயற்சி செய்யாதே. அவர் சத்தம் போட்டால் நின்று கேட்டுக்கொள். சத்தம் போடாமல் உன் தோளில் கை போட்டு டீ சொன்னாரென்றால் அது இன்னும் கஷ்டமாக இருக்கும். அப்போதும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடாதே. அந்த டீயை அவரோடு நின்று குடித்துவிட்டு, பிறகு டேங்கைத் திற.

அம்மா